முதுகுவலிக்கு எத்தனை சதவீதம்?

மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் பெற்றுவந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஆந்திரப் பிரதேச அரசு 2025 ஆகஸ்டில் நோட்டீஸ் அனுப்பியது. மறுபரிசோதனையில் பெரும்பாலோரின் குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே இருப்பதாகத் தெரியவந்துள்ளது. ஆகவே ஓய்வூதியம் நிறுத்தப்படும், அல்லது வேறு வகைக்கு மாற்றப்படும் என்பதே அவற்றின் சாரம். பல ஊர்களில் மாற்றுத்திறனாளிகள் வீதியில் இறங்கினர். எதிர்ப்பு வலுக்கவே, மேல்முறையீட்டுக்கு வாய்ப்பு தரப்படும், அதுவரை ஓய்வூதியம் தொடரும் என்று அரசு இறங்கி வந்தது. செப்டம்பர் மாதத் தொகையும் வழங்கப்பட்டது.

செய்தி அத்துடன் முதல் பக்கத்திலிருந்து நகர்ந்துவிட்டது. ஆனால் அந்த நோட்டீஸ்கள் எழுப்பிய கேள்வி நகரவில்லை. அது அமராவதியில் தீர்மானிக்கப்பட வேண்டிய கேள்வியும் அல்ல. 40 என்ற எண்ணைச் சட்டத்தில் எழுதியது நாடாளுமன்றம். அந்த எண்ணை எப்படிக் கணக்கிடுவது என்று வகுத்தது மத்திய அரசு. மாநில அரசு செய்ததெல்லாம் அந்த அளவுகோலை மீண்டும் ஒருமுறை எடுத்து வைத்துப் பார்த்ததுதான்.

காட்பாடியிலிருந்து திருப்பதிக்கு ரயிலில் சென்ற தமிழர்களுக்குப் பாகாலா புதிய ஊர் அல்ல. தர்மாவரம் செல்லும் பாதை பிரியும் சந்திப்பு அது. 1911இல் வட ஆற்காட்டின் பகுதிகளையும் சேர்த்து உருவான சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் வட்டாரம். முதல்வர் சந்திரபாபு நாயுடு பிறந்த நாராவாரிப்பள்ளி இருப்பது பக்கத்துச் சந்திரகிரி மண்டலத்தில்தான். பாகாலா மண்டலத்திலேயே உள்ள தாமலசெருவு, மாம்பழ மண்டிக்குப் பெயர் பெற்றது. கோடை தொடங்கியதும் அங்கே லாரிகள் வரிசை கட்டும். காய்களைக் கூடையிலும் பெட்டியிலும் நிரப்பித் தோளிலும் தலையிலும் ஏற்றி இறக்கும் கூலியாட்கள் இல்லையேல் அந்த மண்டி ஒரு நாள்கூட நடக்காது. சீசன் முடிந்தால் அதே ஆட்கள் கரும்பு வெட்டவும் நிலக்கடலை பறிக்கவும் போவார்கள். எல்லாமே குனிந்து நிமிரும் வேலை.

இப்படி 25 ஆண்டுகள் சுமை தூக்கிய ஒருவருக்கு 48, 50 வயதில் இடுப்புப் பகுதியில் வட்டு பிதுங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நடக்க முடிகிறது. கைகால் எதுவும் போகவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கவோ உட்காரவோ முடியாது. பத்து கிலோவைத் தூக்கினால் அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். மேஸ்திரி மறுநாள் முதல் அவரைக் கூப்பிடமாட்டார். கிராமச் செயலகத்தில் ‘சதரம்’ முகாமுக்கு நாள் பதிவு செய்துகொண்டு அரசு மருத்துவமனைக்குப் போகிறார். எலும்பு மருத்துவர் குனியச் சொல்கிறார், காலைத் தூக்கச் சொல்கிறார், எக்ஸ்ரேயைப் பார்க்கிறார். சான்றிதழில் ஒரு எண் எழுதப்படுகிறது. அந்த எண் 40ஐத் தொட்டால் மாதம் 6,000 ரூபாய். தொடாவிட்டால் ஒன்றுமில்லை.

அந்த எண் 40ஐத் தொடுமா என்பதற்கு மருத்துவரைப் பார்க்கும் முன்பே விடை கிடைத்துவிடும் என்பதுதான் இதில் உள்ள விபரீதம்.

ஊனத்தை மதிப்பிடுவதற்கான நெறிமுறைகளை மத்திய சமூக நீதி அமைச்சகம் 2001 ஜூனில் அறிவித்தது. முதுகெலும்புக்கு அதில் தனிப் பகுதி உண்டு. கீழ் முதுகில் வட்டு நோய்க்கு அது போட்டுத் தந்த ஏணிக்கு நான்கு படிகள். சிகிச்சைக்குப் பிறகும் வலி நீடித்தால் 15 சதவீதம். வலியோடு முதுகெலும்பு நிலைகுலைவும் இருந்தால் 20. வலியால் பளு தூக்குவதை ஓரளவு மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தால் 25. தீராத வலியும் விறைப்பும் இருந்து, பளு தூக்கும் வேலைகள் அனைத்தையுமே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தால் 30. அதுதான் மேல்படி. நரம்பு பாதிக்கப்பட்டுக் கால் வலுவிழந்தால் அதற்குத் தனிக் கணக்கு. எலும்பு முறிவுக்குத் தனிக் கணக்கு. வலி மட்டுமே வேலையைப் பறித்திருந்தால், இந்த ஏணியில் எவ்வளவு ஏறினாலும் 40 வராது.

கடைசிப் படியின் வாசகத்தைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். பளு தூக்கும் வேலை எதையும் இனிச் செய்ய முடியாது என்பதை அரசின் நெறிமுறையே ஒப்புக்கொள்கிறது. தலைமைச் செயலகத்தில் கோப்பு பார்க்கும் ஒருவருக்கு அது வாழ்க்கையில் ஒரு சிறு அசௌகரியம். மின்விசிறிக்கு அருகே நல்ல நாற்காலி ஒன்று கேட்டு வாங்கிக்கொள்வார். தாமலசெருவு மண்டிக் கூலியாளுக்கு அது வாழ்வாதாரம் முழுவதும். இருவருக்கும் 30 சதவீதமே. எலும்பை அளந்த அந்த அட்டவணை, எலும்புக்கு உரியவர் என்ன வேலை செய்து பிழைத்தார் என்று கேட்கவில்லை.

இதற்குப் பின் சட்டமே மாறிவிட்டது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களை மட்டுமே அறிந்திருந்தது. ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் ஏற்ற பிறகு, புதிய சட்டத்துக்கு ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. 2016 குளிர்காலக் கூட்டத்தொடரைச் செய்தியாளர் மாடத்திலிருந்து பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். பணமதிப்பிழப்புக் கூச்சலில் இரு அவைகளும் நாள்தோறும் முடங்கிக் கிடந்தன. அதற்கு நடுவே டிசம்பர் 14ஆம் தேதி மாநிலங்களவையிலும், கூட்டத்தொடரின் கடைசி நாளான 16ஆம் தேதி மக்களவையிலும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் மசோதா எல்லாக் கட்சிகளின் ஆதரவுடன் நிறைவேறியது. கூச்சல் நின்ற அபூர்வமான நேரங்களில் அது ஒன்று. 2017 ஏப்ரல் 19 முதல் சட்டம் அமலில் இருக்கிறது.

ஏழு வகைகள் இருபத்தொன்று ஆயின. அதைவிட முக்கியமானது, மாற்றுத்திறனாளி என்பவர் யார் என்ற விளக்கம். நீண்டகாலக் குறைபாடு உள்ள ஒருவர், அந்தக் குறைபாடும் சூழலின் தடைகளும் சேர்ந்து, பிறருக்கு நிகராகச் சமூகத்தில் பங்கேற்க முடியாமல் தடுக்கப்பட்டால் அவர் மாற்றுத்திறனாளி என்கிறது சட்டம். உடலை மட்டும் பார்க்காதே, உடல் இருக்கும் இடத்தையும் பார் என்பதே இதன் பொருள். அத்துடன் நின்றிருந்தால் நல்லது. பயன்கள் யாருக்கு என்ற இடம் வந்ததும் சட்டம் ‘அளவுகோல் குறைபாடு’ என்று 40 சதவீதத்தை வைத்தது. அதை எப்படி அளப்பது என்பதை 56ஆவது பிரிவின் கீழ் மத்திய அரசின் அறிவிக்கைக்கு விட்டுவிட்டது. 2018 ஜனவரியில் புதிய நெறிமுறைகள் வந்தன. 2024 மார்ச்சில் அவையும் திருத்தப்பட்டன. உறுப்புவாரியாக எண்ணிட்டுக் கூட்டும் அடிப்படை அணுகுமுறை மட்டும் மாறவில்லை. சட்டத்தின் முதல் பக்கம் 21ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. அட்டவணை இன்னும் பழைய எலும்பு மருத்துவப் பாடநூலில் நிற்கிறது.

வலியை அளப்பது எளிதா என்று மருத்துவர்கள் திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கீழ் முதுகுவலியில் சுமார் 90 சதவீதம் இன்ன காரணம் என்று குறிப்பிட முடியாத வகையைச் சேர்ந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஸ்கேனும் உதவுவதில்லை. வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் வட்டுத் தேய்மானம் தெரிந்தது. படத்தில் தேய்ந்தவருக்கு வலி இல்லை. வலியால் துடிப்பவரின் படத்தில் ஒன்றும் இல்லை என்ற நிலை சகஜம். முகாம் நாளில் எதிரே நூறு பேர் காத்திருக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குக் கையெழுத்திட எந்த மருத்துவர் துணிவார்? தவறாகக் கொடுத்தால் விசாரணை; கொடுக்காமல் விட்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

மோசடி அச்சமும் வெறுங்கற்பனை அல்ல. 2024 ஜூலை 1 முதல் ஆந்திரத்தில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 3,000 ரூபாயிலிருந்து 6,000 ஆனது. எழுந்து நடமாட முடியாதோருக்கு 5,000 ரூபாய் 15,000 ஆனது. நாட்டிலேயே மிகப் பெரிய தொகைகளில் சேரும் இது. தமிழகத்தில் 2023 ஜனவரியில்தான் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆயிற்று. தொகை பெரிதானால் போலிச் சான்றிதழும் இடைத்தரகரும் வருவது இயல்பு. மக்கள் வரிப்பணத்தைக் காக்க மறுபரிசோதனை செய்யும் உரிமை அரசுக்கு உண்டு. 2025 ஜனவரியில் அதிகத் தொகை பெறுவோரிடமிருந்து அதைத் தொடங்கியதிலும் பிழை காண முடியாது. ஆனால் ஏமாற்றுக்காரரையும் 30 சதவீதப் படியில் நிறுத்தப்பட்ட சுமைக்கூலியையும் ஒரே நோட்டீஸ் ஒரே பட்டியலில் சேர்த்துவிடுகிறது. 38 சதவீதம் என்று எழுதப்பட்டவர் பொய் சொன்னவர் ஆகமாட்டார். மருத்துவருக்கு மருத்துவர் இரண்டு சதவீத வேறுபாடு வராத அளவுக்கு நம் மதிப்பீடு துல்லியமானதா என்பதை அமைச்சகம்தான் சொல்ல வேண்டும்.

ஆந்திரம் 6,000 கொடுப்பதையாவது விவாதிக்கலாம். மத்திய அரசின் பங்கை விவாதிக்கவே கூச்சமாக இருக்கிறது. 2009இல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டம், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களில் 80 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ளோருக்கு மட்டுமே. தொகை மாதம் 300 ரூபாய். 2012இல் 200லிருந்து 300 ஆக உயர்ந்தது, அதன்பின் உயரவில்லை. ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இதை உயர்த்தும்படி அறிக்கைக்கு அறிக்கை சொல்லி வந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி, பிறருக்கான அதேபோன்ற உதவியைவிட 25 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்று 2016 சட்டத்தின் 24ஆவது பிரிவு கூறுகிறது. 60 வயது முதியவருக்கு மத்திய அரசு தருவது 200 ரூபாய். ஆகவே 300 என்பது 50 சதவீதம் கூடுதல். சட்டம் மீறப்படவில்லை! இதே நாடாளுமன்றம் 2018இல் தன் உறுப்பினர்களின் ஊதியத்தை விலைவாசிக் குறியீட்டுடன் இணைத்துக்கொண்டது. அதன்படி 2025 மார்ச்சில் முன்னாள் உறுப்பினர்களின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 25,000 ரூபாயிலிருந்து 31,000 ஆனது. விலைவாசி எல்லாருக்கும் ஒன்றுதான் என்பதால் இதைக் குறிப்பிட நேர்கிறது.

வலிக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை அரசு அறியாதது அல்ல. வேறோர் இடத்தில் நன்றாகவே அறிந்திருக்கிறது. 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் வழி வந்த நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவித் திட்டத்தில் 34 நோய்கள் அடங்கிய பட்டியல் உண்டு. காசநோய், புற்றுநோய் வரிசையில் முதுகெலும்பு வட்டுப் பிதுக்கமும் அதில் இடம்பெற்றிருக்கிறது. தகுதியுள்ள தொழிலாளிக்கு ஊதியத்தில் 80 சதவீதம், இரண்டு ஆண்டுகள் வரை. அங்கே 40 சதவீதச் சான்றிதழ் கேட்பதில்லை. இவரால் இப்போது வேலைக்குப் போக முடியுமா என்பதே கேள்வி. ஆக, மாதம் 21,000 ரூபாய்க்குள் ஊதியம் பெறும் ஆலைத் தொழிலாளியின் முதுகுவலி நோய். ஆலை வாசலில் லாரிக்குச் சுமை ஏற்றுபவரின் முதுகுவலி அவர் தலைவிதி. முதுகு ஒன்றுதான், சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதே வேறுபாடு.

அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு என்ன இருக்கிறது என்று பார்த்தால், விபத்துக் காப்பீடு இருக்கிறது. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் இரு கண்களோ இரு கைகால்களோ போனால் 2 லட்சம், ஒன்று போனால் 1 லட்சம். ஒரே நாளில் கூரையிலிருந்து விழுந்தால் அது விபத்து. இருபத்தைந்து ஆண்டுகளாக நாளுக்கு நாள் முதுகு நொறுங்கினால் அது விபத்தாகாது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்குத் திட்டங்கள் வகுக்க வழி செய்கிறது. எந்தத் திட்டம், எவ்வளவு தொகை, எப்போது என்பதையெல்லாம் இனிமேல்தான் வகுக்க வேண்டும்.

நீதிமன்றங்கள் இதில் அரசைவிட வெகுதூரம் முன்னே சென்றுவிட்டன. இடது கை துண்டிக்கப்பட்ட தச்சர் ஒருவரின் வழக்கில், அவரால் இனித் தச்சு வேலை செய்யவே முடியாது என்பதால் இழப்பு 100 சதவீதம் என்பதை 1975 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2010 அக்டோபரில் ராஜ்குமார் வழக்கில் அதை விரித்துரைத்தது: உடல் குறைபாட்டின் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறன் இழப்பின் சதவீதம் வேறு, ஓட்டுநர் இடது கையை இழப்பதும் அரசு எழுத்தர் இழப்பதும் ஒன்றல்ல. 2021 பிப்ரவரியில் விகாஸ் குமார் வழக்கில், 40 சதவீதம் இல்லாதவரும் சட்டப்படி மாற்றுத்திறனாளியே என்றது. மருத்துவக் கல்லூரி அனுமதி தொடர்பான 2024 அக்டோபர் தீர்ப்புகளில், சதவீத எண்ணை மட்டும் பார்த்து ஒருவரை ஒதுக்கக் கூடாது, அவரால் என்ன செய்ய முடியும் என்பதைப் பார்க்க வேண்டும் என்றது. விபத்து இழப்பீட்டிலும் தேர்வு அறையிலும் ஏற்கப்பட்ட இந்த நியாயம் ஓய்வூதிய முகாமுக்குள் மட்டும் நுழையவில்லை.

வெளிநாட்டிலும் இது நடைமுறையில் உள்ளதே. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புத் துறை 1979 முதல் கையாளும் அட்டவணையில் நான்கு அம்சங்கள்: எஞ்சியுள்ள உடல் திறன், வயது, கல்வி, முன்பு செய்த வேலை. 50 வயதைக் கடந்தவர், அதிகம் படிக்காதவர், உடலுழைப்பு தவிர வேறு தொழில் அறியாதவர், இனி உட்கார்ந்து செய்யும் வேலை மட்டுமே முடியும் என்றால் அவர் ஊனமுற்றவர் என்பதே அந்த அட்டவணையின் முடிவு. அங்கேயும் விண்ணப்பங்கள் பெருமளவில் நிராகரிக்கப்படுகின்றன. மாதக் கணக்கில் காத்திருக்கிறார்கள். சந்தா செலுத்தியோருக்கான காப்பீடு என்பதும் வேறுபாடு. எனினும் கேட்கும் கேள்வி சரியான கேள்வி. மண்டிக் கூலியாளிடம் அதே நான்கையும் கேட்டால் விடை நொடியில் கிடைத்துவிடும்.

2020இல் உலகில் 61.9 கோடிப் பேர் கீழ் முதுகுவலியால் அவதிப்பட்டனர். ஊனத்துக்கான முதற்காரணம் அதுவே. 2050இல் இந்த எண்ணிக்கை 84.3 கோடியாகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இத்தனை பேருக்கும் ஆயுள் முழுதும் ஓய்வூதியம் தர எந்த அரசாலும் முடியாது. அப்படி யாரும் கேட்கவும் இல்லை. முதுகுவலி பலருக்குத் தணியும், சிலருக்குத் திரும்ப வரும். ஆகவே ஈ.எஸ்.ஐ.யில் உள்ளதுபோல் ஓராண்டு, ஈராண்டு என்று காலவரையறையுடன் கூடிய உதவி, அதோடு உடற்பயிற்சி மருத்துவம், மாற்றுவேலைக்குப் பயிற்சி என்பதே பொருத்தம். திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனை இருக்கிறது. தேவஸ்தானம் நடத்தும் பிர்ட் எலும்பு மருத்துவமனை மாற்றுத்திறனாளிகளுக்காகவே கட்டப்பட்டது. பாகாலாவிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான். மருத்துவத்துக்கு அங்கே இடம் உண்டு. அந்த மாதங்களில் வீட்டில் அடுப்பு எரிய வழி இல்லை.

56ஆவது பிரிவின் நெறிமுறைகளை நாடாளுமன்றம் விரிவாக விவாதித்தது இல்லை. சட்டத்தைக் கைதட்டி நிறைவேற்றிய அவை, அதன் அட்டவணையை அதிகாரிகள், மருத்துவ வல்லுநர் குழுக்கள் பொறுப்பில் விட்டுவிட்டது. சமூக நீதிக்கான நிலைக்குழு இதை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளத் தடை ஏதும் இல்லை. உடலுழைப்பால் பிழைப்போருக்குத் தொழிலையும் சேர்த்து மதிப்பிடும் ஒரு வரி, வட்டு நோய் ஏணியின் 30க்கு மேல் ஒரு படி: இவை சட்டத் திருத்தம்கூட இல்லாமல் ஓர் அறிவிக்கையில் முடியக்கூடியவை. பாகாலா அடங்கிய சித்தூர் தொகுதியின் உறுப்பினர் மத்தியில் ஆளும் கூட்டணியைச் சேர்ந்தவர். அந்தக் கூட்டணியின் பெரும்பான்மைக்குத் தெலுங்கு தேசத்தின் ஆதரவு எவ்வளவு தேவை என்பது அனைவரும் அறிந்ததே. மாநில அரசு தன் நோட்டீஸ்களுக்கு விடை தேட வேண்டிய இடம் தில்லிதான்.

அதுவரை விண்ணப்பிப்போர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. எலும்பின் நிலையோடு நரம்புப் பாதிப்பையும் சோதிக்கும்படி கேட்க வேண்டும். கால் மரத்துப்போவதும் வலுவிழப்பதும் பதிவானால் எண் மாறும். சான்றிதழ் வழங்கும் கெடு முன்பு ஒரு மாதம், 2024 அக்டோபர் விதித் திருத்தத்துக்குப் பிறகு மூன்று மாதங்கள். 25, 30 என்று வரும் சான்றிதழைக் கிழித்தெறிய வேண்டாம். 40க்குக் கீழே இருப்போருக்கும் வெள்ளை நிற அடையாள அட்டை உண்டு. விகாஸ் குமார் தீர்ப்பு அவர்களையும் மாற்றுத்திறனாளிகளாகவே கருதுகிறது. மதிப்பீட்டில் குறை இருந்தால் 59ஆவது பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம். அந்த மனுவில் வலியின் கதையை எழுதுவதைவிட, இதுவரை செய்த வேலை என்ன, அதில் எதை எதை இனிச் செய்ய முடியாது என்று வரிசையாக எழுதுவதும், அழைத்துச் சென்ற மேஸ்திரியிடம் ஒரு கடிதம் வாங்கி இணைப்பதும் பயன் தரும்.